வண்டியை விட்டு இறங்கமாட்டேன்

காஞ்சிபுரம்
11.2.2024

அன்புத் தம்பி வீராசாமிக்கு அக்கா கங்கையம்மாள் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். அங்கே உன் காதைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில் நான் தெருவே கூடி நிற்கும்படி கத்தியும் உனக்கு ஒரு வார்த்தை ஏறவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது வேறு எப்படி இருக்கும்? அதனால் இனி கடிதம்தான். எட்டாம் வகுப்பு வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

உன் மகள் சுகாசினி புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு என்னால் வர முடியாது. முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது, நெசவுக்காரர்கள் நூலுக்குப் பறக்கிறார்கள். சாயப் பட்டறையிலிருந்து பட்டு நூலை ஏற்றிக்கொண்டு திருப்புட்குழிக்கும் முசரவாக்கத்துக்கும் தினம் ஓடுகிறேன். வேறு யாரிடமாவது என் வேனைக் கொடுத்தால் ஒரு வீட்டு நூலை இன்னொரு வீட்டில் இறக்கிவிட்டு வந்து நிற்பான்.

எனக்குப் பதிலாகப் புடவை வருகிறது. அத்தை சீர் என்று சொல்லிக் கொடு. பட்டறைக் கொடியில் காய்ந்த நூலை நானே பார்த்துப் பொறுக்கி, லோகாம்பாளின் தறியில் கொடுத்து நெய்தது. நல்ல அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை. எந்தக் கடையில் தேடினாலும் இந்த அரக்கு கிடைக்காது.

இன்னொன்று. என் லைசென்ஸ் ஜூன் இருபதாம் தேதியோடு முடிகிறது. விசாரிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், "யாருக்கு ஆயா லைசென்ஸ்?" என்று கேட்டாள். "எனக்குத்தாம்மா" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேண்டும் என்றாள். எழுபது வயதில் இது ஒரு வேலை.

பேத்தி சிம்ரனுக்கு முத்தம். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அக்கா,
கங்கை


ஓசூர்
27.2.2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வீராசாமி எழுதியது. மகள், மாப்பிள்ளை, பேத்தி, நான் நால்வரும் நல்லபடியாக இருக்கிறோம். உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, அல்லது கிளட்ச்சை மிதிப்பதே ஒத்தடம் என்று விட்டுவிட்டாயா?

புடவை வந்தது. பால் காய்ச்சும்போது சுகாசினி அதைத்தான் உடுத்தினாள். வந்தவர்கள் எல்லாம் கலரைப் பற்றிக் கேட்டார்கள். நெசவில் ஒரு குறை சொல்ல முடியாது. லோகாம்பாளிடம் சொல்.

நீ எழுதாத ஒரு விஷயம் எனக்குத் தெரியவந்தது. உன் மருமகள் சங்கீதா, சுகாசினியின் வாட்ஸ்அப்புக்கு ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். உன் வேனின் இடது கதவு உள்வாங்கிப் போயிருக்கிறது. நான் டிப்போவில் இருந்தவன், அது நிறுத்தி வைத்த வண்டியில் யாரோ இடித்த அடி இல்லை, ஓடும்போது பட்டது.

அக்கா, கோபப்படாமல் படி. ஜூன் இருபதோடு நிறுத்திக்கொள். நான் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியதற்கு வெள்ளி மெடல் வாங்கினேன். ரிட்டயர் ஆன பிறகு சுகாசினியின் காரில் சிம்ரனைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன். போன வருஷம் நானாகவே நிறுத்திக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. நல்ல பெயர் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். வயதுக்கு அதுதான் அழகு.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் பிள்ளை விஷாலையும் சங்கீதாவையும் விசாரித்ததாகச் சொல்.

வீராசாமி


காஞ்சிபுரம்
6.3.2024

வீராசாமிக்கு அக்கா எழுதுவது. சுகம்தான். கோபமாக இருக்கும்போது எனக்கு முழங்கால்கூட வலிப்பதில்லை.

கதவு விஷயம் இவ்வளவுதான். ஏனாத்தூர் தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்தது. அதைக் காப்பாற்றப் போய்ப் புளியமரத்தில் உரசிவிட்டது. ஆடு பிழைத்தது. சங்கீதாவுக்குச் சமையலில் உப்பு எங்கே என்று தெரியாது, போட்டோ எடுக்க மட்டும் தெரிகிறது.

இறங்கு என்று எழுதியிருக்கிறாயே, யாரிடம் எழுதுகிறாய் என்று யோசித்தாயா? உனக்கு அப்போது நாலு வயது, நினைவிருக்காது. எனக்கு எட்டு. அப்பா பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தார். நம் ஊர்ப் பெரிய தெரு முனை வந்ததும் அவர் இறங்குவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னையும் இறக்கிவிடுவார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, தெரு முடியும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். அந்தத் தெருவில் நம் ஆட்கள் ஏறி உட்கார்ந்து போகக் கூடாது. "ஏன்பா இறங்கணும்?" என்று ஒரு நாள் கேட்டேன். "காத்து எறங்கிடுச்சும்மா" என்றார். டயர் கல்லு மாதிரி இருந்தது.

எண்பத்து நாலில் பட்டறை வேனை ஓட்ட ஆள் இல்லாமல் போனபோது, காய்ந்த ஏரியில் ஞாயிறுதோறும் எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? நீதான். கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினால் மர ஸ்கேலால் என் முழங்கையில் தட்டுவாய். லைசென்ஸ் வந்த அன்றைக்கு நான் எங்கே போனேன் என்று உனக்குத் தெரியும். பெரிய தெரு முனையில் இரண்டு ஹாரன் அடித்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, இறங்காமல் ஓட்டிப் போனேன். பக்கத்து சீட்டில் அப்பா. அவர் காலில் செருப்பு.

அன்றைக்கு ஏறினவளை நீ இறங்கச் சொல்கிறாய். முடியாது.

கேள்வி ஒன்று எனக்கும் இருக்கிறது. உன் மகள் காரின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? நானாகவே நிறுத்தினவன் சாவியைத் தன் ஆணியில் மாட்டி வைத்திருப்பான்.

எல்லோருக்கும் என் அன்பு. உனக்குக் கொஞ்சம் குறைத்து.

கங்கை


ஓசூர்
18.3.2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். இங்கே வெயில் தொடங்கிவிட்டது, மற்றபடி சுகம். அங்கே பங்குனி உத்திரத்துக்கு ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் வண்டி போக வழி இருக்காது, தெரிந்து ஓட்டு.

அப்பா சங்கதியை இரண்டு தடவை படித்தேன். ஆனால் அக்கா, பெரிய தெரு வேறு, கண் வேறு. உன் மூன்று கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உண்மையில் இரண்டுதான், மூன்றாவது போன தீபாவளிக்கு நீ பேத்திக்கு எழுதிய வாழ்த்து அட்டை. தீபாவளியில் உன் எழுத்து அரிசி அளவு. பிப்ரவரியில் பயறு அளவு. மார்ச்சில் மொச்சைக்கொட்டை. கோடு போட்ட தாளிலேயே வரி கீழே சரிகிறது.

டிப்போவில் எங்களுக்கு ஒரு சோதனை உண்டு. நிற்கிற வண்டியின் பின்னால் இருபத்தைந்து அடி தள்ளி நின்று நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும், ஒரு கண்ணை மூடி ஒன்று, மற்றதை மூடி ஒன்று. பிறகு உட்கார்ந்தபடியே கழுத்தை மட்டும் திருப்பி, பின்சீட்டின் மூலையில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். செய்து பார்த்து எழுது. பொய் சொல்லாதே.

சாப்பிடும் மாத்திரைகளில் தூக்கம் வருவது எது என்றும் கேட்டுக்கொள்.

அன்புடன்,
வீராசாமி


காஞ்சிபுரம்
2.4.2024

வீராசாமிக்கு. எல்லோரும் நலமாக, நானும் நலமாக.

உன் சோதனையில் முழுமார்க். கழுத்து வலதுபக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, அதற்குக் காலையில் துண்டைக் கழுத்தில் போட்டு இழுக்கிறேன். அரிப்புக்குச் சாப்பிட்ட மாத்திரைதான் தூக்கம் தருகிறதாம், காலையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். நம்பர் பிளேட்டை வலது கண்ணிலும் படித்தேன், இடது கண்ணிலும் படித்தேன். சங்கீதா சாட்சி. அவள் ஒரு குதர்க்கம் பேசினாள்: "அத்தே, இது நம்ம எதிர்வீட்டு ஸ்கூட்டரு. தெருவுல இருக்கிற வண்டி நம்பரெல்லாம் உனக்கு மனப்பாடம். தெரியாத வண்டியை வெச்சுப் படி பாக்கலாம்." தெரியாத வண்டிக்கு நான் எங்கே போவேன்?

டாக்டர் சர்ட்டிஃபிகேட்டும் பிரச்சினை இல்லை. நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற ஒருவர் இருக்கிறாராம். ஜூன் முதல் வாரம் போகிறேன். அடுத்த ஐந்து வருஷத்துக்கு என் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம்.

சாவி எங்கே என்று கேட்டிருந்தேன். நீ இரண்டு பக்கம் எழுதினாய், அதற்கு மட்டும் பதில் இல்லை.

கங்கை


ஓசூர்
12.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீ அனுப்பிய புடவை அரக்கு இல்லை. உதா. நல்ல கத்தரிப்பூ நிறம் என்று பெட்டியைப் பிரித்த அன்றைக்கே பார்த்துவிட்டோம். வந்தவர்கள் கலரைக் கேட்டார்கள் என்று எழுதினேனே, "அத்தை அரக்குன்னுதானே சொன்னாங்க?" என்றுதான் கேட்டார்கள். சுகாசினி எல்லோரிடமும், "நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்று சமாளித்தாள். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். இன்றைக்கு மீறுகிறேன்.

மங்கலான சாயங்காலத்திலும் அரக்கில் நாலு வகை பிரித்துச் சொல்கிறவள் நீ. அந்தக் கண்ணோடு நீ தினம் ரோட்டில் போகிறாய்.

வீராசாமி


ஓசூர்
5.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. சங்கீதாவிடம் சுகாசினி விசாரித்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்றாள். நான் செய்தது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் உன் குறையை மட்டும் வெளியில் எடுத்துப் போட்டு, என்னுடையதைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். அது நியாயம் இல்லை.

சாவி சுகாசினியின் கைப்பையில் இருக்கிறது. அவள்தான் பிடுங்கினாள்.

போன வருஷம் ஆகஸ்டில், பள்ளிக்கூட வாசலில் காரைப் பின்னால் எடுத்தேன். கண்ணாடியைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். தாழ்வாக இருந்ததால் தெரியவில்லை. பின்சீட்டிலிருந்து சிம்ரன், "தாத்தா நில்லு, தாத்தா நில்லு" என்று கத்தியிருக்கிறாள். வெளியிலும் நாலைந்து பேர் கத்தியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கார் எதன்மீதோ ஏறுவது உட்கார்ந்த இடத்தில் தெரிந்தபோதுதான் மிதித்தேன். ஒரு சிறுமியின் சைக்கிள். அவள் குதித்துவிட்டாள், முழங்காலில் சிராய்ப்புதான். சக்கரம் அப்பளமாகிவிட்டது. அந்தப் பிள்ளை அழவில்லை அக்கா. சிம்ரன்தான் அழுதாள். இன்றைக்கும் நான் ஏறினால் அவள் காரில் ஏறமாட்டேன் என்கிறாள்.

நானாகவே நிறுத்தினேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். மெடலை அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். உனக்கும் அப்படி ஒரு நாள் வந்துவிடுமோ என்று பயம். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் புத்தி சொன்னேன்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி,
வீரா


காஞ்சிபுரம்
19.5.2024

என் தம்பி வீராவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தை எழுத இரண்டு நாள் ஆயிற்று, எழுத்து மொச்சைக்கொட்டையைத் தாண்டிவிட்டது, பொறுத்துக்கொள்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்றைக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தில் நேராக லோகாம்பாள் வீட்டுக்குப் போனேன். "ஓசூருக்கு நெய்தியே லோகா, அது என்னா கலரு?" என்று கேட்டேன்.

"உதா" என்றாள்.

"நான் அரக்குன்னு சொல்லித்தானே குடுத்தேன்?"

"சொன்னே. நூலு உதாவா இருந்துச்சு. நீயே எடுத்துக்கினு வந்த நூலாச்சே! நாப்பது வருஷமா உன் கண்ணை யாராவது கேள்வி கேட்டுருக்காங்களா? வாய் தவறிச் சொல்லிட்டேன்னு நெனச்சிக்கினேன்."

மற்ற வீட்டு நூல்களில் பட்டறைக்காரர் சீட்டு கட்டி அனுப்புகிறார், அதனால் அவை தப்பின. சீட்டு இல்லாமல் என் கண்ணை நம்பி எடுத்தது அந்த ஒன்றுதான். ஊரே என் கண்ணை நம்பியதால் ஒருத்தியும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பும்போது வண்டியை எடுக்கவில்லை. லோகாம்பாள் வாசலிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். அன்றைக்கு ஏப்ரல் பதினெட்டு. இன்றைக்கு வரை சாவியைத் தொடவில்லை. விஷால் தன் வேலை போக மற்ற நேரம் டிரிப் அடித்துக் கொடுக்கிறான், இரண்டு வீட்டு நூலை மாற்றி இறக்கியும் விட்டான்.

இப்போது நானும் பெட்டியைத் திறக்கிறேன். ஆடு ஒன்றும் குறுக்கே வரவில்லை. ஜனவரி கடைசியில், சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். எதிரே வந்த லாரி வெளிச்சம் கண்ணில் மாவு கரைத்து ஊற்றியது போல ஆகிவிட்டது. அது கலைந்தபோது என் முன்னால் ஒரு ஆள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். கூலி வேலை முடித்துப் போகிறவன், சாம்பல் நிறச் சட்டை. கடைசி நொடியில் ஒடித்தேன், புளியமரம் கதவில் பட்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைத் திட்டக்கூட இல்லை. என் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சைக்கிளிலிருந்து இறங்கினான். ரோட்டை விட்டு மண்ணில் இறங்கித் தள்ளிக்கொண்டே போனான்.

வீரா, அப்பாவைப் பெரிய தெருக்காரர்கள் இறக்கினார்கள். இவனை நான் இறக்கினேன். இதை மறைத்துவிட்டு, உனக்கு அப்பா கதையை வீராப்பாக எழுதினேன். எழுதும்போதே கை கூசியது.

அதனால் நான் ஓட்டுவதை விட்டுவிடப் போகிறேன் என்று சந்தோஷப்படாதே. பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவரிடம் போகப்போவதில்லை, அவ்வளவுதான். கண் டாக்டரைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை, முற்றிப் பழுத்துவிட்டதாம். உதா சிவந்து தெரிவது அதனால்தானாம். "எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார். தெரியாது என்றேன், கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் யாருக்குத் தெரியும்? வரும் திங்கட்கிழமை வலது கண், அடுத்த மாதம் இடது கண். தைரியம் சொல்லி எழுதாதே, எனக்கு பயம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

நீ என்ன செய்யப் போகிறாய்? கண் போனால் கண்ணைப் பார்க்க வேண்டும், காது போனால் காதைப் பார்க்க வேண்டும். நீ காதை விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டாய்.

கங்கை


ஓசூர்
2.6.2024

அன்புள்ள அக்காவுக்கு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சங்கீதா சொன்னாள். மருந்து ஊற்றும் நேரம் தவறாதே, குனிந்து எதையும் தூக்காதே.

காது மெஷின் எல்லாம் எனக்கு வேண்டாம். டிப்போ ஆட்கள் பார்த்தால் சிரிப்பார்கள். அறுபத்தாறு வயதில் காதில் பட்டாணியைச் செருகிக்கொண்டு திரிய வேண்டுமா? நீ உன்னைப் பார்த்துக்கொள்.

வீராசாமி


காஞ்சிபுரம்
21.7.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. இரண்டு கண்ணும் சௌக்கியம். எழுத்தைப் பார், அரிசிக்குத் திரும்பிவிட்டது. பச்சரிசி.

கட்டுப் பிரித்ததும் முதலில் பார்த்தது என் கையை. இத்தனை சுருக்கம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. இரண்டாவது சங்கீதாவின் சமையலறை, அதைப் பற்றி எழுதினால் வீட்டில் சண்டை வரும். மூன்றாவது பட்டறைக் கொடி. ஈரம் சொட்டச் சொட்ட உதா தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அரக்கு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். பட்டறைக்காரர் சாயப் புகை என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகுதான் லைசென்சுக்குப் போனேன். தேதி தாண்டியிருந்தது, அதற்கு அபராதம் கட்டினேன். சர்ட்டிஃபிகேட் கொடுத்தவர் ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னார். கடைசிக்கு முந்தின வரி வரை படித்தேன். கடைசி வரி எறும்புக்குத்தான் தெரியும். ஆர்.டி.ஓ. ஆபீசில் அதே பெண். "ஆயா, இன்னுமா ஓட்டப்போறீங்க?" என்றாள். "இப்பத்தாம்மா ஒழுங்கா ஓட்டப்போறேன்" என்றேன்.

எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வண்டி தெருவை விட்டு நகராது. மழையில் கிடையாது. கதவோரக் கண்ணாடியைப் பெரிதாக மாற்றினேன், சீட்டில் ஒரு மெத்தை ஏற்றினேன். மாதம் ஒருமுறை சங்கீதா எனக்குத் தெரியாத தெருவுக்கு அழைத்துப்போய் நம்பர் பிளேட் படிக்கச் சொல்வாள். என்றைக்குத் தேறவில்லையோ அன்றைக்குச் சாவியை நானே அவள் கையில் கொடுப்பேன். பிடுங்க விடமாட்டேன். இந்தச் சட்டத்தை எனக்கு எழுபது வயது போடவில்லை, நீ போடவில்லை, நான் போட்டேன்.

நேற்று ஏனாத்தூர் வளைவில் ஒரு ஆள் சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்தான். அதே ஆளா என்று தெரியாது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன், கட்டில் செருகியிருந்த அரிவாள் பிடி உட்படத் தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டி நின்று, போ என்று கை காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவன் இறங்கவில்லை.

உன் பட்டாணி என்ன ஆயிற்று? முப்பத்தொரு வருஷம் காக்கிச் சட்டையில் பயணிகளைக் காப்பாற்றியவன், டிப்போக்காரர்கள் சிரிப்புக்குப் பயப்படுகிறாயா? சிம்ரன் கத்தினாளே, அடுத்த தடவை அவள் மெதுவாகக் கூப்பிட்டாலும் உனக்குக் கேட்க வேண்டாமா?

அன்புடன், முழுசாக,
கங்கை


ஓசூர்
3.8.2024

அக்காவுக்கு,

சுகம். போட்டுக்கொண்டேன். இரண்டு காதிலும்.

முதல் நாள் பிடுங்கி எறியத் தோன்றியது. குக்கர் விசில் அடித்தால் மண்டைக்குள் அடிக்கிறது. மாப்பிள்ளை இவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சிம்ரன் பக்கத்து அறையில் தனக்குள் பாடிக்கொண்டிருந்தாள், அது கேட்டது. எட்டு வயதாகிறது, அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

ஓட்டுவது பற்றி மட்டும் பேசாதே. சுகாசினி சாவியை நீட்டினாள். நான் வாங்கவில்லை. சாவியைப் பார்த்தாலே அந்தச் சைக்கிள் சக்கரம்தான் தெரிகிறது அக்கா. என் காலம் முடிந்தது, விடு.

வீரா


காஞ்சிபுரம்
9.8.2024

வீராவுக்கு,

உன் சுகத்தை நேரில் பார்த்துக்கொள்கிறேன். என் சுகத்தையும் நீ நேரில் பார்.

பதினேழாம் தேதி சனிக்கிழமை நான் புறப்பட்டு வருகிறேன். பஸ்ஸில் இல்லை. வண்டியை சர்வீஸ் விட்டாயிற்று, டயர் புதுசு. காலையில் நன்றாக விடிந்ததும் கிளம்புவேன். வேலூரில் அரை மணி, ஆம்பூரில் ஒரு மணி, கிருஷ்ணகிரியில் அரை மணி. நின்று, நடந்து, கழுத்தைத் திருப்பி, தண்ணீர் குடித்து வருவேன். லாரிக்காரன் முந்தினால் முந்தட்டும், நான் இடது ஓரம். மூன்று மணிக்குள் உன் வாசலில் இருப்பேன். மழை பிடித்தால் நின்றுவிடுவேன், மறுநாள் வருவேன். விஷால் தானும் கூட வருவதாகச் சொன்னான். வந்தால் பின்சீட்டில் உட்காரட்டும், சிம்ரனுக்கு முறுக்குத் தூக்குப் பிடிக்க ஆள் வேண்டும்.

திங்கட்கிழமை உன்னையும் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் திரும்புகிறேன். ஏரி காய்ந்து கிடக்கிறது. மாடுகூட மேயவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நீ என்னை உட்கார வைத்த அதே இடத்தில் உன்னை உட்கார வைக்கப் போகிறேன். சுகாசினியிடம் சொல்லிவிட்டேன். மர ஸ்கேல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினால் முழங்கை போகும். சக்கரம் கண்ணில் தெரிந்தால் தெரியட்டும், அங்கே இடிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு மாதம் பார்ப்போம். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று நீ சொன்னால் நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் பயந்துகொண்டு சொல்லக் கூடாது, ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

மெடலை எடுத்துத் துடைத்து அலமாரியில் வை. சுகாசினிக்கு இந்தத் தடவை அரக்குப் புடவை கொண்டுவருகிறேன். உதாவைத் திருப்பித் தர வேண்டாம், அது அவளுக்கு நன்றாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் பட்டாணியைக் காதில் போட்டுக்கொண்டு உட்கார். முறுக்கு வாசனைக்கு வருவாயோ, சிம்ரன் வந்து கூப்பிட்டு வருவாயோ, அதெல்லாம் செல்லாது. உன் காதால் கேட்டு நீயே வெளியே வர வேண்டும். உன் வாசலில், பெரிய தெரு முனையில் அடித்தது போல இரண்டு ஹாரன் அடிப்பேன். கேட்கவில்லையென்றால் இன்னும் இரண்டு அடிப்பேன். ஓசூரே கூடி வந்து பார்க்கட்டும். நீ வந்து கேட்டைத் திறக்கும்வரை நான் வண்டியை விட்டு இறங்கமாட்டேன்.

உன் அக்கா,
கங்கை